மிக்கேல் சம்மனசின் வாள்

சிப்பித்துறை கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவன்று தேவதூதரான மிக்கேல் சம்மனசின் சிலையின் கையில் வாளை வைத்தால்தான் சப்பரம் நகரும். எதிரியோடு போராடிய ஒருவர்தான் அதை வைக்கவேண்டும். எதிரி யாரென்றும் ஊரறியச் சொல்லவேண்டும். சம்மனசின் காலடியில் சாத்தான் கிடக்கிறான். அவன் கண் திறந்தே இருக்கிறது. சிற்பி அவனைச் சாகடிக்க மறந்துவிட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

போன திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்று கீழத்தெருவும் மேலத்தெருவும் முறைத்துக்கொண்டன. சம்மனசுக்காக அடித்தால் பாவமில்லை, அது புனிதப் போர் என்று யாரோ கொளுத்திப் போட, துடுப்புகள் வெளியே வந்தன. கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பிலவேந்திரம் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் கீழத்தெரு; அவர் மகளைக் கட்டிய தஸ்நேவிஸோ மேலத்தெரு.

இந்த ஆண்டு வாளுக்கு மூவர் பெயர் வந்தது. தேர்ந்தெடுக்கவேண்டியவர் உபதேசியார்.

கஸ்பார் முன்வரிசையில் நின்று மண்டை உடைபட்டவன். ஏழு தையல். எதிரி மேலத்தெருக்காரர்கள் என்றான். சம்மனசுமேல் அவனுக்கிருந்த பக்தியில் பொய்யில்லை.

சலேத்தம்மாள் வாளைப் புளி போட்டு விளக்குகிறவள். அன்று அதைப் புளிப்பானைக்குள்ளேயே அமுக்கிவிட்டு, காணோம் என்று கோயிலுக்குள் நின்று பொய் சொன்னாள். ஊரே வாளைத் தேடிக்கொண்டிருந்ததால், நூறு பேர் போகவேண்டிய சண்டைக்குப் பத்துப்பேர்தான் போனார்கள்.

"எனக்கு எதிரின்னு யாரும் இல்ல உபதேசியாரே. ரெண்டு தெருவுக்கும் பேறுகாலம் பாத்தவ நான்" என்றாள்.

கீழத்தெரு இஞ்ஞாசி அந்தப் பத்துப்பேரில் ஒருவன். முன்பொருமுறை கடலில் தன் வலையை அறுத்த தஸ்நேவிஸ், அந்தச் சண்டையில் தன் காலடியிலேயே விழுந்து கிடக்க, துடுப்பை ஓங்கினான். பிறகு அதை மணலில் போட்டுவிட்டு நடந்துவிட்டான். அவன் பெயரைக் கொடுத்ததே தஸ்நேவிஸ்தான். எதிரி யாரென்று கேட்டதும் இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டான்.

"என் கோவந்தான். ஜெயிச்சேன்னு சொல்லமாட்டேன். அவனப் பாத்தா இப்பவும் கை துடிக்கி."

மகள் தாலியோடு இருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் உபதேசியாருக்குக் கண் கலங்கும். அதற்குச் சலேத்தம்மாள், இஞ்ஞாசி இரண்டு பேருக்கும் அவர் நன்றி சொல்லவேண்டும். ஆனால் தன் வீட்டு நன்றிக்கு ஊர் வாளைக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்த வாள் யார் கைக்குப் போகவேண்டும்?

விடை: இஞ்ஞாசியின் கைக்கு. கஸ்பார் அடித்தது மனிதர்களை. சம்மனசின் காலடியில் கிடப்பது மனிதனல்ல. சலேத்தம்மாளுக்கு ஊரே கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எதிரி இல்லாதவளுக்கு வாள் எதற்கு? இஞ்ஞாசி இன்னும் ஜெயிக்கவில்லைதான். சம்மனசின் போரும் முடியவில்லை. கண் திறந்து கிடப்பவன்மேல் வைத்த காலை அவர் இன்றுவரை எடுக்கவில்லை. சலேத்தம்மாள் வாளைத் துடைத்துக் கொடுக்க, உபதேசியார் அதை இஞ்ஞாசியிடம் நீட்டினார். "நீ கைய இறக்குனதால எம்மவ வீட்டுல அடுப்பு எரியுது. நல்லாயிருப்பா" என்றார். கஸ்பார் முணுமுணுத்துக்கொண்டே சப்பரத்தின் முன்தண்டுக்குத் தோள் கொடுத்தான். மறுபக்கம் தோள் கொடுத்தவன் தஸ்நேவிஸ்.