ஒத்தை டோக்கன்காரன்

ஊருக்கு ஒரு புத்திசாலி இருந்தாலே தாங்காது. தென்காசியில் பாத்திரக்கடை மாடியில் மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனியே வைத்திருந்தார்கள். தலைவன் ஆவுடையப்பன். கூட பூதத்தானும் கோமதியும். வாடிக்கை என்று இருந்தது ரெபேக்காள் டாக்டரின் ஆஸ்பத்திரி மட்டும்தான். அதுவும் போனால் ஆவுடையப்பன் அப்பாவின் உரக்கடையில் மூட்டை சுமக்கணும்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்க இரண்டு ஜன்னல். இவர்கள் எழுதிய புரோகிராமில் நம்பர் போடுகிற பகுதிக்கு டோக்கன்காரன் என்று பேர். ஜன்னலுக்கு ஒரு டோக்கன்காரன் முளைத்து, தனித்தனியாக எண்ண ஆரம்பித்தான். ஏழாம் நம்பர்காரர்கள் இரண்டு பேர் டாக்டர் வாசலில் கட்டிப் புரண்டார்கள்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா தூக்கிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டரம்மா.

ஆவுடையப்பன் மதுரையில் பெரிய கம்பெனியில் இருந்த ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

"இதுக்கு சிங்கிள்டன்னு பேரு தம்பி. டோக்கன்காரன் ஒருத்தன்தான் இருக்கணும். கண்டவனும் புதுசா உண்டாக்காம தடுத்துரு. வேணுங்கிறவன் ஒரு வாசல்ல வந்து கேக்கட்டும். யாரு கேட்டாலும் முதல்ல கொடுத்ததையே கொடு, புதுசு கொடுக்காத."

மூவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முதலில் யாரும் புதிதாக உண்டாக்க முடியாதபடி தடுத்தார்கள். கேட்கிற வாசலை டோக்கன்காரனுக்கு உள்ளேயே வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை.

"டோக்கன்காரன் எங்கடே?" என்றான் ஆவுடையப்பன்.

"அவன்கிட்ட கேட்டாத்தான் அவனைத் தருவான்" என்றான் பூதத்தான்.

"அவன்தான் இல்லையே?"

"இல்லன்னா அதையும் அவன்தான் வந்து சொல்லணும்."

"நல்லாருக்கு! பிறக்காத பிள்ளைகிட்டயே பேரு கேளுங்கிறியளே" என்று கோமதி வாசலை வெளியே மாற்றினாள். டோக்கன்காரன் இருக்கிறானா என்று பார், இல்லாவிட்டால் உண்டாக்கு என்று அதில் எழுதினாள். இரண்டு ஜன்னலும் ஒரே நொடியில் எட்டிப் பார்த்தன. இல்லை. இரண்டும் உண்டாக்கின.

"பாத்துட்டுத்தானே செஞ்சுது?" என்றான் ஆவுடையப்பன்.

"ஒழுங்காத்தான் பாத்துது அண்ணே" என்றான் பூதத்தான்.

"அப்ப தப்பில்ல."

"தப்பில்ல. ஆனா ரெண்டு பேரு இருக்கான்."

ஞாயிறு சாயங்காலம் ஆவுடையப்பன் நோட்டைப் புரட்டித் தொடையில் தட்டினான். "கடைசி வரியை விட்டுட்டோமே! யாரு கேட்டாலும் முதல்ல கொடுத்ததையே கொடுக்கணும்லா? டோக்கனையும் அப்படியே கொடுத்துருவோம்!"

திங்கட்கிழமை அறுபது பேர் வந்தார்கள். அறுபது பேருக்கும் நம்பர் ஒன்று.

"நம்பர் ஒண்ணு உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

அறுபது பேரும் எழுந்தார்கள். கதவு நிலையோடு பெயர்ந்து வந்தது. கதவோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் கதவுக்கு அடியில் போனான். எழுந்து பார்க்கையில் கூட்டம் முழுக்க எதிர்த்த ஆஸ்பத்திரியில் நின்றது.

"நம்ம புரோகிராம்ல குறையே இல்ல. இவங்கதான் ஒண்ணுக்கு மேல நோயாளி வச்சிருக்காங்க" என்றான் பூதத்தான்.

அது வாஸ்தவம் என்று மறுநாளே தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி ஒரே ஒருத்தன்: கை வீங்கிய ஆவுடையப்பன். நம்பர் ஒன்று என்று கூப்பிட்டார்கள். சண்டை சச்சரவில்லாமல் எழுந்து போனான்.

டாக்டரம்மா கட்டுப் போட்டார். போட்டு முடித்து, கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துல இருக்கவே கூடாது. தூக்கிட்டுப் போயிருங்க."

ஆவுடையப்பன் வெளியே வந்து நல்ல கையால் கோமதிக்குப் போன் போட்டான்.

"ஏ கோமதி, செயிச்சுட்டோம்! இன்னொண்ணு இருக்கவே கூடாதுன்னு டாக்டரம்மாவே ஒத்துக்கிட்டாங்க!"