தேன்பெட்டியின் மறுமுனை

பனிமலையில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதை நடத்திவந்த குருவம்மாவுக்கு நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சோதனைச் சாவடியில் லாரி மூட்டைகளைக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தே காலம் தள்ளியவர். வேலையை விட்டுவிட்டார். அந்தக் கம்பியை மட்டும் மனதுக்குள் கொண்டுவந்திருந்தார்.

ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு தேன்பெட்டி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி அல்ல. ஓர் ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் மரப்பெட்டி. தேனீக்களுக்கு வாசல் ஒரு முனையில் மட்டும். பனிக்காலம் முழுக்க உள்ளே இருக்கும் தேன் தேனீக்களுக்குத்தான். யாராவது தொட்டால் மலையிறங்கிவிட வேண்டும் என்பது ஆசிரமத்தின் கட்டுப்பாடு.

பெட்டியைப் பார்த்துக்கொண்டவன் மருதப்பன். அவனுக்கு மலைக்குக் கீழே வீடு வாசல், உறவு என்று எதுவும் கிடையாது. காலையில் பெட்டிமேல் காதை வைத்துத் தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்பான். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொள்வான்.

தில்லைநாயகத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவன் மீசை வேறு தேன் பட்டதுபோலப் பளபளத்தது.

ஒருநாள் காலையில் குருவம்மாவிடம் வந்து நின்றார்.

“அம்மா, மருதப்பன் தேன் திருடுறான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்கலை. அவன் விறகுக்குப் போனப்போ அவன் துணிமூட்டையைத் துழாவினேன். ஒரு சொட்டுகூட இல்லை.”

“அப்புறம் என்ன?”

“அதுதாம்மா உறுத்துச்சு. இவ்வளவு சுத்தமா யாரும் இருக்க மாட்டாங்க. நேரா தேன்பெட்டிக்குப் போனேன். வாசல் பக்கத்தைத் தூக்கினேன், லேசா இருந்துச்சு. மூடியைத் திறந்தேன். முன்பக்கத்து அடையெல்லாம் காலி. இன்னும் என்ன சாட்சி வேணும்? அவனை அனுப்பிடுங்க.”

குருவம்மா எழுந்துவிட்டார்.

“மூடியைத் திறந்தீங்களா?”

“பிசின் மாதிரி எதையோ வச்சு ஒட்டியிருந்துச்சு. கத்தியால நெம்பினேன்.”

குருவம்மா செருப்புகூடப் போடாமல் பின்பக்கம் ஓடினார். தில்லைநாயகம் பின்னாலேயே போனார். மருதப்பன் அதற்குள் விறகைப் போட்டுவிட்டு வந்து, களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்துகொண்டிருந்தான். மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தது. பனிக்காற்று அதன் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டியடியில் சில தேனீக்கள் விறைத்துக் கிடந்தன.

“நீங்களே பூசுங்க,” என்றார் குருவம்மா.

தில்லைநாயகம் பூசினார். விரல்கள் மரத்துப்போயின. அப்போதும் ஒரு கண் மருதப்பனின் மீசைமேல்தான் இருந்தது.

இடைவெளி அடைபட்டதும் குருவம்மா தன் கம்பளியை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினார்.

“இப்ப மறுமுனையைத் தூக்குங்க.”

தில்லைநாயகம் குனிந்து தூக்கினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அப்போதும் அசையவில்லை.

“தேனீங்க வாசல் பக்கம் ஆரம்பிச்சுத் தின்னுக்கிட்டே உள்ள நகரும். வெயில் வர்ற வரைக்கும் சாப்பாடு அந்த முனையிலதான் இருக்கு. சூடு வெளிய போகக் கூடாதுன்னுதான் அதுங்களே பிசின் வச்சு மூடியிருந்துச்சுங்க.”

மருதப்பன் பெட்டிமேல் காதை வைத்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

“கேட்குதா?” என்றார் குருவம்மா.

“ரொம்ப மெதுவாக் கேட்குதும்மா,” என்றான். யார் திறந்தது என்று கேட்காமல், சிதறிக் கிடந்த விறகைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

தில்லைநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்ததே தவிர, உறுத்தல் முழுதாகப் போகவில்லை. அவன் மறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அம்மா, அவன் ஒரு நாளும் எடுத்ததே இல்லைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா இத்தனை வருஷமா அவன் பொறுப்புல விட்டிருக்கீங்க?”

“ஆமாம்.”

“ஒரு தடவைகூடச் சோதிச்சுப் பார்க்கலையா?”

குருவம்மா கம்பளியின் ஓரத்தைப் பெட்டிக்கு அடியில் செருகினார்.

“அவனையும் இப்படித் திறந்து பார்த்திருந்தா, முதல் பனியையே தாண்டியிருக்க மாட்டான்.”