பாக்கலாம்னு சொன்னாங்க

என்னடி தேனு, இன்னுமா முழிச்சுக்கிட்டு இருக்க? என்ன, நாளைக்கு உன் ஸ்கூல் டிராமாவுக்கு நான் வரணுமா? பாக்கலாம், பாக்கலாம். முதல்ல தலையணையில தலைய வை. அத்தை கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திடுவேன், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு மஞ்சள் பஸ்ஸு இருந்துச்சாம். ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் அதுல இடம் இருந்துச்சாம். செவ்வந்தின்னு ஒரே ஒரு பொண்ணுக்குத்தான் இல்லையாம்.

"ம்."

செவ்வந்தி உன் வயசுதான். ஆனா கொஞ்சம் வேற மாதிரி. "பாம்ம்ம்"னு ஹாரன் அடிச்சா போதும், காதைப் பொத்திக்கிட்டு நடுரோட்டுலயே உக்காந்துடுவா. அப்புறம், நாம என்ன சொல்றோமோ அதை அப்படியே எடுத்துக்குவா. "ஒரு வாய் சாப்பிடு"ன்னா ஒரே ஒரு வாய்தான். பக்கத்து வீட்டு அக்கா "ஓடி வந்துடறேன்"னு சொல்லிட்டு மெதுவா வந்தா, "ஏன் ஓடி வரல?"ன்னு வாசல்லயே நிறுத்திக் கேப்பா. சிரிக்காதடி. அவ சரியாத்தான் கேக்குறா.

அவளை மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல தனி வகுப்பு இருந்துச்சு. அங்க இடமும் கொடுத்துட்டாங்க. ஆனா அவ்வளவு தூரம் எப்படிப் போறது? அந்தப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸு மெயின் ரோட்டுல வந்து "பாம்ம்ம், பாம்ம்ம்"னு அடிக்கும், ஏறினா ஏறு, இல்லைன்னா போச்சு. அவ அம்மா தமயந்தி துணிக் கம்பெனியில தைக்கிறவ. கூடவே போய் விட்டுட்டு வர முடியாது. பஸ்ஸு இல்லைன்னா செவ்வந்திக்குப் பள்ளிக்கூடமே இல்லை. தமயந்தி என்ன பெருசாக் கேட்டுட்டா? பஸ்ஸு வீட்டு வாசலுக்கு வரணும், ஹாரன் அடிக்கக் கூடாது, பெல்ட் போட்டுவிட்டுப் பக்கத்துல உக்கார ஒரு ஆயா வேணும். அவ்வளவுதான்.

"ம்."

அப்போ முதல்ல டிரைவர்கிட்ட போனா. "அண்ணே, கொஞ்சம் எங்க சந்து வரைக்கும் வாங்கண்ணே." அவரு மீசையைத் தடவிக்கிட்டு, "பாக்கலாம்க்கா"ன்னாரு. உடனே செவ்வந்தி என்ன பண்ணுனா தெரியுமா? அவரு மூஞ்சிக்கு நேரா போய் நின்னு, கண்ணு கொட்டாம அவரைப் பாத்தா. பாக்கலாம்னு சொன்னாருல்ல, அதான் பாத்தா! பஸ்ல இருந்த பிள்ளைங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சுதுங்க. டிரைவர் விருட்டுனு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

அப்புறம் தமயந்தி கம்பெனிக்கு லீவு போட்டு, பொண்ணு காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டே டவுன் பஸ்ல ஏறி, பெரிய டீச்சரைப் போய்ப் பாத்தா. அந்தம்மாவும் எல்லாத்தையும் கேட்டுட்டு, "பாக்கலாம்மா"ன்னாங்க. செவ்வந்தி அவங்களையும் பாத்தா. மேஜைக்கு அடியில குனிஞ்சு அவங்க செருப்பு வரைக்கும் பாத்தா. "என்னம்மா உன் பொண்ணு இப்படி முறைக்குது?"ன்னு கேட்டாங்க தேனு! அந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே வகுப்பு நடத்துறவங்க கேக்குற கேள்வியா இது?

மூணாவதா, பள்ளிக்கூடத்துக்கே முதலாளி, கரஸ்பாண்டண்ட் சாரு. அவரு வீடு இவங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்துலதான் பஸ்ஸெல்லாம் நிக்கும். தமயந்தி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டா. அவரு போன்லயே கண்ணை வச்சுக்கிட்டு, "பஸ்ஸுதானே, பாக்கலாம் பாக்கலாம்"ன்னாரு.

செவ்வந்தி, "எப்போ?"ன்னா.

"நாளைக்குக் காலையில பாக்கலாம், போம்மா."

நமக்கெல்லாம் அதுக்கு அர்த்தம் தெரியும். இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுல்ல?

"ம்... அப்புறம்?"

மறுநாள் காலையில தமயந்தி குழாயடியில தண்ணி பிடிச்சுட்டு வந்து பாத்தா, கதவு ஆ...ன்னு திறந்து கிடக்கு. பிள்ளையைக் காணோம்! குடம் கையில இருந்து நழுவி டமார்! "செவ்வந்தீ! செவ்வந்தீ!"ன்னு தெருத்தெருவா ஓடுறா.

அங்க பஸ்ஸு நிக்கிற இடத்துல, டுர்ர்ர்ருன்னு ஒரு வண்டி பின்னால வந்துக்கிட்டு இருக்கு. கரஸ்பாண்டண்ட் சாரு ஒரு காதுல போனை வச்சுக்கிட்டு, கையை ஆட்டி டிரைவருக்கு வழி சொல்றாரு. பின்னால திரும்பிக்கூடப் பாக்கல. "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..."

பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிறது யாரு? செவ்வந்தி! காதைப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கிறா. ஆனாலும் அவரு கத்துறது அவளுக்குக் கேக்குது. வரலாம்னு சொல்றாரே, அதனால அவ வர்றா. அவரு சொல்லச் சொல்ல பஸ்ஸு பின்னால வருது, இவ முன்னால வர்றா. ஐயோ, சொல்லும்போதே எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆகுது, தொட்டுப் பாரு.

கிரீச்ச்ச்!

கண்ணாடியில செவ்வந்தியோட சிவப்பு ரிப்பன் தெரிஞ்சு டிரைவர் பிரேக்கை மிதிச்சுட்டாரு. பஸ்ஸுக்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒரு சாண்தான். ஒரே ஒரு சாண்!

இல்லடி, அடி ஒண்ணும் படல. படுத்துக்கோ.

டிரைவர் குதிச்சு இறங்கினாரு. தமயந்தி ஓடி வந்து பிள்ளையை அள்ளிக்கிட்டா. கரஸ்பாண்டண்ட் சாரு பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாரு. செவ்வந்தி அவரைப் பாத்து அமைதியாச் சொல்றா: "காலையில பாக்கலாம்னு சொன்னீங்க. வந்தேன். வரலாம்னு சொன்னீங்க. கிட்ட வந்தேன். இப்போ எதைப் பாக்கணும்?"

அவ்வளவு பெரிய மனுஷன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. தமயந்தி விடல. "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே சார்! இவளுக்கு அது புரிஞ்சிருக்குமே!"ன்னு கத்துனா. அவரு தலையைத் தூக்கவே இல்ல. "நாளைக்கு பஸ்ஸு உங்க வாசலுக்கு வரும்மா. வரும்"ன்னு மட்டும் சொன்னாரு.

"வந்துச்சா அத்தை?"

வந்துச்சு. ஹாரனே இல்லாம, பூனை மாதிரி வந்து நின்னுச்சு. ஒரு ஆயா இறங்கினாங்க. கரஸ்பாண்டண்ட் சாரும் கூடவே வந்து, "ஏறலாமாம்மா?"ன்னு கேட்டாரு.

செவ்வந்தி சொன்னா: "பாக்கலாம்."

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு! தமயந்திக்கு அழுகையே வந்துடுச்சு, இவ்வளவு பட்டும் இவ ஏறமாட்டேங்கிறாளேன்னு. ஆனா செவ்வந்தி மெதுவாப் படியில ஏறி சீட்டைப் பாத்தா. பெல்ட்டை டக் டக்குனு போட்டுக் கழட்டிப் பாத்தா. டிரைவர் கை ஹாரன் மேல இல்லைல்லன்னு எட்டிப் பாத்தா. ஆயா மூஞ்சியை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "பாத்துட்டேன்"னு சொல்லி, ஜன்னலோரமா உக்காந்துட்டா.

பஸ்ஸும் போயாச்சு, கதையும் அதுல ஏறிப் போயாச்சு. கண்ணை மூடு.

"அத்தை... நாளைக்கு என் டிராமாவுக்குப் பாக்கலாம்னு சொன்னியே..."

அடிப்பாவி! அதைச் சொன்னது நானா? நானேதானா?

வரேன்டி. முதல் வரிசையில உக்காந்திருப்பேன். இப்போ தூங்கு.