பூஜ்யத்திலிருந்து குறைப்பது எப்படி

“நாற்காலியை விட்டுடாதீங்க சிஸ்டர், நிலைப்படி இருக்கு,” என்றார் டாக்டர் நப்பின்னை.

நர்ஸ் ஜெபக்கனி நாற்காலியை இரண்டு கைகளாலும் பின்புறத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூன் போட்டபடி நிலைப்படியைத் தாண்டினார். டாக்டர் ஏற்கெனவே அதேபோல் தாண்டியிருந்தார். மருந்தாளுநர் தெய்வசிகாமணியுடையது சக்கரம் வைத்த நாற்காலி. அவர் கால்களால் உந்திக்கொண்டு கௌரவமாக வந்தார். நிலைப்படியில் மட்டும் சிக்கிக்கொண்டார். உட்கார்ந்திருந்த இருவரும் உட்கார்ந்தபடியே அவரை உள்ளே இழுத்தார்கள்.

மேட்டுக்கிணறு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையிலிருந்து ஆன்லைன் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக ஆலோசனை சொல்வது எப்படி என்ற பயிற்சி. மடிக்கணினித் திரையில் ஒரு பெண் தோன்றி, பயிற்சி முடியும்வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம், வேறு எந்த வேலையிலும் ஈடுபட வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். மேலிடத்து உத்தரவை மேட்டுக்கிணறு மீறியதே இல்லை. டாக்டர் அறையில் சிக்னல் போய்விட்டது. மருந்தறை ஜன்னல் ஓரத்தில் கிடைக்கும். அதனால்தான் இந்த ஊர்வலம்.

மருந்தறை வாசலில் பேச்சிமுத்து காத்திருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை அவனுக்குக் கிடைக்கும்போல் இருந்தது. உடல் தகுதிச் சான்றிதழை அன்று மாலை ஐந்து மணிக்குள் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று பள்ளி மேலாளர் சொல்லியிருந்தார். டாக்டர் அவனை முதல் நாளே பரிசோதித்துவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“ஒரு கையெழுத்துதானே டாக்டரம்மா. நீங்க எந்திரிக்கக்கூட வேண்டாம். நானே பேனாவைக் கொண்டாந்து நீட்டுறேன்.”

“கையெழுத்து போடறது வேறு வேலைப்பா,” என்றார் டாக்டர் வருத்தத்தோடு. “பயிற்சி முடியட்டும். முடிஞ்ச நிமிஷம் போட்டுத் தரேன்.”

பயிற்சி முடியாமல் இருந்ததற்குக் காரணம் கடைசிப் பாடம். குடிக்கும் ஒருவருக்கு ஆலோசனை சொல்லி, அவர் ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவாகக் குறைக்கச் சம்மதிக்கிறார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் குடிப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வாசலில் இருந்தார்கள். ஊழியர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

வருகிற எல்லோரிடமும் விதிவிலக்கில்லாமல் கேளுங்கள் என்று திரைப்பெண் சொல்லியிருந்ததால் ஜெபக்கனி காலையில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையிடமும் கேட்டிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் குழந்தையின் கண்ணையே பார்த்தபடி, வாரத்தில் எத்தனை நாள் என்று மரியாதையாகக் கேட்டார். குழந்தை அழுதது. ‘பதில் அளிக்க விரும்பவில்லை’ என்று பதிவு செய்தார். தடுப்பூசி போடவில்லை. அது வேறு வேலை.

“பேச்சிமுத்து குடிப்பாரே!” என்றார் தெய்வசிகாமணி திடீரென்று.

“குடிச்சேன் சார். விட்டுட்டேன். ஊருக்கே தெரியும்.”

தெரியும்தான். அவன் மனைவி செண்பகம் மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதும், அவன் விட்டபிறகு திரும்பி வந்ததும், இனி ஒரு நாள் வாயில் வாடை வந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன் என்று தெருவில் நின்று சொன்னதும் எல்லோருக்கும் தெரியும்.

ஜெபக்கனி அதற்குள் அவன் கண்ணைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். “குடியைப் பத்தி உங்களோட பேசலாமா?”

“வேண்டாம் சிஸ்டர்.”

“நன்றி.” அனுமதி மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். அவர் வாசலை எட்டிப் பார்த்து, “அடுத்த ஆள்!” என்று கூப்பிட்டார். யாரும் இல்லை. பேச்சிமுத்துவே மறுபடி வந்து நின்றான்.

“குடியைப் பத்தி உங்களோட பேசலாமா?”

அவன் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நாலைத் தாண்டியிருந்தது. “பேசுங்க சிஸ்டர், சீக்கிரமாப் பேசுங்க.”

“சீக்கிரமாப் பேசணும்னு சொல்றீங்க.” எதிரில் இருப்பவர் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரும் என்பது இரண்டாம் பாடம்.

“ஆமா.”

“ஆமான்னு சொல்றீங்க.”

“சிஸ்டர், எனக்கு நேரமாவுது.”

“உங்களுக்கு நேரமாவுதுன்னு சொல்றீங்க.”

டாக்டர் குறுக்கிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை அளவு என்று கேட்டார். ஒரு அளவு என்றால் முப்பது மில்லி. பேச்சிமுத்து ஒன்றுமில்லை என்றான். டாக்டர் பூஜ்யம் போட்டார். திரையில் அந்தக் கட்டம் சிவப்பானது. பூஜ்யத்திலிருந்து குறைக்க இயலாது என்று எழுத்து வந்தது.

மூவரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஆலோசித்தார்கள்.

“மைனஸ் ஒண்ணு போட்டுப் பார்க்கலாமா?” என்றார் ஜெபக்கனி.

“மைனஸ்னா இவர் குடிக்காததை வாந்தி எடுத்தார்னு ஆயிடும்,” என்றார் தெய்வசிகாமணி. “ஆடிட்ல கேப்பாங்க.”

டாக்டர் நெடுநேரம் யோசித்தார். எம்.பி.பி.எஸ்ஸில் தங்கப் பதக்கம் வாங்கியவர். “குறைக்கணும்னா முதல்ல இருக்கணும். இவர் ஒரே ஒரு அளவு குடிக்கட்டும். உடனே நாம ஆலோசனை சொல்லி நிறுத்திடுவோம். அஞ்சு நிமிஷத்துல நிறுத்திடலாம்னுதான் பாடத்துலயே இருக்கே.”

“நீங்க அஞ்சு நிமிஷத்துல நிறுத்துவீங்க,” என்றான் பேச்சிமுத்து. “எனக்கு ஆறு வருஷமாச்சு டாக்டரம்மா.”

“அப்பல்லாம் இந்தப் பயிற்சி கிடையாதே,” என்றார் ஜெபக்கனி பரிவோடு.

பாட்டில் தயாராகவே இருந்தது. அளவை விளக்க ஒரு மாதிரிப் பொருள் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்ததால், தெய்வசிகாமணி முதல் நாளே துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு கடையில் வரிசையில் நின்று ஒரு பிராந்தி வாங்கியிருந்தார். டீயில்கூடச் சர்க்கரை போட்டுக்கொள்ளாத மனிதர். சுகாதாரத்துறை பெயரில் ரசீது வேண்டும் என்று அவர் கேட்டதைக் கடைக்காரர் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

இருமல் மருந்து ஊற்றும் குட்டிக் குப்பியில் பிராந்தி முப்பது மில்லிக் கோடுவரை நிறைந்தது. டாக்டர் அதை நீட்டினார். பேச்சிமுத்து வாங்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. குப்பியைப் பார்த்துக்கொண்டே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மேலாளர் வாயை முகர்ந்து பார்ப்பாருங்க. அவரை விடுங்க, வீட்ல பார்ப்பா.”

“குடிச்சாத்தான் பயிற்சி முடியும். பயிற்சி முடிஞ்சாத்தான் கையெழுத்து. கையெழுத்து இருந்தாத்தான் வேலை,” என்றார் டாக்டர். “உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்.”

“குடிச்சா வேலை இல்லீங்களே.”

அந்த முடிச்சை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. யார் குடித்தாலும் குடிப்பவர்தானே என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. டாக்டர் வண்டி ஓட்ட வேண்டியவர். ஜெபக்கனி உபவாசத்தில் இருந்தார். தெய்வசிகாமணி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“அரசு ஊழியன்னு வந்தாச்சு,” என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கினார். கண்ணில் நீர் தளும்பியது. நாற்காலி தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

“குடியைப் பத்தி உங்களோட பேசலாமா சார்?” என்றார் ஜெபக்கனி.

“பேசலாம்.”

“பேசலாம்னு சொல்றீங்க.”

“நான் சொன்னதை நீங்க சொல்றீங்கன்னு சொல்றேன்,” என்றார் தெய்வசிகாமணி. அவருக்கு ஏறிவிட்டிருந்தது.

மணி நாலே முக்கால். பேச்சிமுத்து ஜெபக்கனியின் நாற்காலியை, அவரோடு சேர்த்து, ஓரமாக நகர்த்தினான். தெய்வசிகாமணிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“சார். நான் ஒரு நாள் எம்பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனேன். கேட்டுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்தா. பார்த்துட்டு, பக்கத்துல நின்ன பிள்ளையோட அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டா. அந்தாளு யாருன்னே அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் சார். வேண்டாம். விட்டுருங்க.”

தெய்வசிகாமணி விசும்ப ஆரம்பித்தார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. “குறைச்சுக்கறேன் பேச்சிமுத்து,” என்றார். “சத்தியமாக் குறைச்சுக்கறேன்.”

டாக்டர் பாய்ந்து பதிவு செய்தார். இன்று குடித்தது: ஒரு அளவு. இனி: அரை அளவு. கட்டம் பச்சையானது. திரைப்பெண் வாழ்த்துச் சொன்னாள். மூவரும் எழுந்து நின்று கால்களை உதறினார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பேச்சிமுத்து ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். முகர்ந்து பார்த்தார். மறுநாளே வரச் சொன்னார்.

மறுநாள் மேட்டுக்கிணற்றுக்கு ஒரு செய்தி வந்தது. பயனாளி ஒப்புக்கொண்ட அளவைத் தினமும் கடைப்பிடிப்பதை உறுதி செய்து, மறு உத்தரவு வரும்வரை நாள்தோறும் பதிவு செய்யவும்.

“ஒப்புக்கிட்டது அரை அளவு,” என்றார் டாக்டர்.

“குடிக்காம இருந்துட்டாத் தேவலையே மேடம்,” என்றார் தெய்வசிகாமணி.

“அப்புறம் பூஜ்யம் வரும். கட்டம் சிவப்பாயிடும். உங்க முன்னேற்றம் எல்லாம் வீணாப் போயிடும் சார்.”

அன்றிலிருந்து தெய்வசிகாமணி தினமும் காலை பத்து மணிக்கு அரைக் குப்பி குடிக்கிறார். ஜெபக்கனி ஊற்றிக் கொடுப்பார். டாக்டர் பதிவு செய்வார். குடித்ததும் அவர் முகத்தைச் சுளித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் தள்ளாடுவார். வரவரக் காரமே தெரியவில்லை என்றார் ஒரு நாள். ஆலோசனை வேலை செய்கிறது என்றார் ஜெபக்கனி. பாட்டில் ஏன் குறையவே இல்லை என்று ஒரு முறை பேச்சு வந்தது. அரை அளவுதானே, அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வரும் பேச்சிமுத்து அன்றும் வேனைச் சுவரோரம் நிறுத்தினான். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மருந்தறை ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பாட்டிலை எடுத்து, செண்பகம் கொடுத்தனுப்பிய பிளாஸ்கிலிருந்து பால் விடாத தேநீரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தான்.