மாடிப்படித் திருப்பம்

இதை எனக்கு முதலில் சொன்னவங்க எங்க கோயிலில் பூக்கட்டுற செண்பகவல்லி அக்கா. என் பெரியவளுக்குத் தலைப்பிரசவம், ஆஸ்பத்திரி வராந்தாவில் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போ சொன்னாங்க.

பூவரச மரத்தடியில் இருக்கிற சாமியாரைத் தேடி இன்ஜினியர் தில்லைநாயகம் வந்தார். சாமி அவரைவிட வயசில் சின்னவர். ஆனாலும் இன்ஜினியருக்குக் குரு அவர்தான்.

“மனசு ஆறலை சாமி. ஆத்தங்கரைக் குடிசைக்காரங்களுக்கு நாலு மாடி கட்டிக் குடுத்தேன். குழாயைத் திறந்தா தண்ணி. நாலாம் மாடி கிருபாவதி, படுத்த படுக்கையா கிடக்கிற புருஷனைத் தூக்கிக்கிட்டு மறுபடி தகரக் கொட்டகைக்கே போறேங்கிறா. என்ன கொழுப்பு?”

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாங்க, பார்ப்போம்.”

கிருபாவதி கதவைத் திறந்தாள். உள்ளே அவள் புருஷன் கண்மூடிக் கிடந்தான். சாமி வாசலில் கிடந்த பெஞ்சில் மல்லாந்து படுத்தார்.

“நான் செத்துட்டேன். கீழே இறக்குங்க.”

“என்ன சாமி விளையாட்டு?”

“செத்தவன்கிட்ட என்ன பேச்சு?”

தலைமாட்டை இன்ஜினியர் பிடித்தார். கால்மாட்டை அக்கம்பக்கத்து ஆள்கள் இரண்டு பேர். முதல் திருப்பத்திலேயே பெஞ்சு சுவரில் முட்டியது. இப்படியும் போகவில்லை, அப்படியும் போகவில்லை.

“ஆளை நிமிர்த்திப் பிடிங்க சார்,” என்றாள் பின்னால் வந்த கிருபாவதி. “போன மாசம் செத்துப்போன மூணாம் மாடிப் பெரியம்மாவை நாற்காலியில வச்சுக் கட்டித்தான் இறக்கினோம். தலை தொங்கித் தொங்கிப் போச்சு. மகன்காரன் ஒரு கையால தாங்கிக்கிட்டே வந்தான்.”

சாமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தில்லைநாயகம் கீழே வந்து சேர்ந்தார். சுற்றிப் பார்த்தார்.

“அவங்களை எங்கே கிடத்தினீங்க?”

“எங்கே கிடத்த? கீழே பூராவும் ‘வாகனங்கள் மட்டும்’னு போர்டு வச்சிருக்கீங்களே. நேரா வண்டியில ஏத்தினோம். உக்காந்து அழ ஒரு இடமில்லை.” அவள் குரல் ஏறியது. “இவரையும் அப்படிக் கட்டி இறக்கணுமா? உசிரோட இருக்கும்போதே கொண்டுபோயிடுறேன்.”

தோளிலிருந்து குரல் வந்தது.

“இன்ஜினியரே, எவ்வளவு நேரம் என்னை நிறுத்தியே வச்சிருப்பீங்க?”

தில்லைநாயகம் கிருபாவதியைப் பார்த்தார்.

“எப்போம்மா கிளம்புறீங்க?”

“நாளைக்கு.”

“தலைமாட்டை நான் பிடிச்சுக்கிறேன்.”

உங்க பிள்ளைங்களுக்கு வீடு பார்க்கப் போனா, அடுப்படியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்த மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.