அலகில் மண் சுமந்த சேனாதிபதி

பெண்டாட்டியைப் பட்டினி போட்டுவிட்டு, ராஜாவின் சபையில் போய் உட்கார்ந்துகொண்டான் செங்கண்ணன் என்ற இருவாச்சிப் பறவை. நடந்த தவறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளைவு.

இருவாச்சிகளின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயரமான மரத்துப் பொந்துக்குள் போவாள். ஆண் பறவை ஈரமண் கொண்டுவந்து கொடுப்பான். அவள் உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். பிறகு சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. புருஷன் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினால் சாப்பாடு. இல்லையென்றால் இல்லை.

ஆகவே அந்தக் குலத்தில் புருஷன் என்றால் பழம். வேறு பெருமை எதுவும் அவனுக்குக் கிடையாது.

செங்கண்ணனுக்கு இது போதவில்லை.

அவன் அலகுக்கு மேலே, கவிழ்த்து வைத்த தோணி மாதிரி மஞ்சளாய் ஒரு கொண்டை இருந்தது. எல்லா இருவாச்சிக்கும் அது உண்டு. ஆனால் ஓடைத் தண்ணீரில் முகம் பார்க்கும்போதெல்லாம் செங்கண்ணன், ‘இது கொண்டை இல்லை, கிரீடம்’ என்று நினைத்துக்கொள்வான். கிரீடத்தோடு பிறந்தவன் காலமெல்லாம் அத்திப்பழம் பொறுக்குவதா?

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு கிழப்புலி. மந்திரி ஒரு சிங்கவால் குரங்கு. வால்தான் சிங்கம். மற்றதெல்லாம் குரங்கு.

ராஜாவுக்கு ஒரே வேலை, தூங்குவது. அதைச் சபையில் வைத்துச் செய்வார். அவர் தூங்குவதைப் பிரபுக்கள் எல்லோரும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் ராஜத்துரோகம்.

ஒரு நாள் செங்கண்ணன் சபைக்கு மேலே தாழப் பறந்து போனான். பெரிய சிறகு. குளுகுளுவென்று காற்று அடித்தது. ராஜா ஒரு கண்ணைப் பாதி திறந்தார்.

“என்ன அது?”

“பறவை, ராஜா!” என்றது மந்திரி.

“காற்று நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்.”

கண் மூடிக்கொண்டது. நியமனம் முடிந்தது.

மந்திரி கிளைக்கு ஏறி வந்து, “வாழ்த்துகள்! தாங்கள் இன்று முதல் ஆகாயச் சேனாதிபதி! ராஜாவின் தலைக்கு நேரே அமர்ந்து, சிறகை அசைத்துக்கொண்டே காவல் காக்க வேண்டும்!” என்றது.

சேனை எங்கே இருக்கிறது என்று செங்கண்ணன் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்கிறவனுக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

நேரே வீட்டுக்குப் பறந்தான். உயரமான வேங்கை மரம். பொந்துக்குள் அவன் பெண்டாட்டி கொன்றை முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

“கொன்றை! எனக்குப் பட்டம் கொடுத்திருக்காங்க! ஆகாயச் சேனாதிபதி!”

கீறல் வழியாக அலகு மட்டும் நீண்டது.

“அப்படீங்களா? அதைக் கொட்டையோட முழுங்கோணுமுங்களா, துப்போணுமுங்களா?”

“விளையாடாதே! பெரிய பதவி. இனிமே பகலெல்லாம் சபையிலதான் இருக்கணும்.”

“பகலெல்லாமா? ராத்திரியில உங்களுக்குக் கண்ணு தெரியாதே. பழம் எப்பங்க கொண்டாருவீங்க?”

“மந்திரி ஆள் விட்டு அனுப்புறாராம். அரண்மனைப் பழம்!”

“எனக்கு அரண்மனைப் பழமெல்லாம் வேண்டாமுங்க. நீங்க கொண்டாந்தாப் போதும்.”

“எல்லாம் உனக்காகத்தான் கொன்றை!”



“எனக்காகன்னா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களே” என்றாள்.

செங்கண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது பறந்துவிடுவது சௌகரியம். பறந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து விசிறினான். மன்னிக்கவும், காவல் காத்தான். கீழே ராஜா குறட்டை விட்டார். கடமான் பிரபு நின்றது. கரடிப் பிரபு நின்றது. எல்லோரும் அண்ணாந்து செங்கண்ணனைப் பார்த்தார்கள். அவனுக்கு நெஞ்சு விரிந்தது.

பொழுது சாய்ந்ததும் மந்திரி வந்து சொல்லும்: “அம்மா வயிறாரச் சாப்பிட்டார்கள், சேனாதிபதி! போதும் போதும் என்று மிச்சம் வைத்துவிட்டார்கள் என்றால் பாருங்களேன்!”

மந்திரியின் பிடரிமயிரில் அத்தி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. செங்கண்ணன் அதைப் பார்த்தான். பார்க்காதது மாதிரிப் பார்த்தான்.

அவனுக்குக் கொன்றைமேல் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையவே இருந்தது. சிறகை அசைக்கும்போதெல்லாம் அவளை நினைத்தான். நினைப்பதற்கு லீவு கேட்க வேண்டியதில்லையே!

ஆனாலும் ஒரு நாள் மனசு கேட்கவில்லை. மந்திரியிடம் மெதுவாக ஆரம்பித்தான்.

“ஒரு எட்டுப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா?”

“ராஜா தூங்கும்போதா?”

“அவர் எப்போதும் தூங்குகிறாரே.”

“சேனாதிபதி!” மந்திரி காதைப் பொத்திக்கொண்டது. “அந்தக் கடமானைப் பாருங்கள். போன வாரம் அவன் மகனைத்தான் ராஜா சாப்பிட்டார். அவன் லீவா கேட்டான்? பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் ராஜா என்று உபசரித்தான்! அதற்குப் பெயர்தான் விசுவாசம்!”

செங்கண்ணன் தலையைக் குனிந்தான்.

“அது போகட்டும்” என்று மந்திரி குரலைத் தணித்தது. “இந்தப் பௌர்ணமிக்குத் தங்கள் பட்டத்தின் முன்னால் ‘மகா’ சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் வீட்டுக்குப் போவதென்றால் போங்கள்.”

மகா சேனாதிபதி! செங்கண்ணன் கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு நாள் உச்சிவேளையில் அந்தச் சத்தம் வந்தது.

இருவாச்சியின் குரல் மலையைத் தாண்டிக் கேட்கும். கரகரவென்று காடே அதிர்ந்தது. பிரபுக்கள் திடுக்கிட்டார்கள். செங்கண்ணன் திடுக்கிடவில்லை. யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியும். என்ன குரல் என்றும் தெரியும். அது பசிக் குரல்.

ராஜா எழுந்துவிட்டார்! பட்டப்பகலில் ராஜா எழுந்து அந்தச் சபை பார்த்ததில்லை.

“யார் கத்துவது?”

“சேனாதிபதியின் சம்சாரம், ராஜா!” என்றது மந்திரி உடனே. “பொந்தில் ஒரு கீறல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் சத்தம் வருகிறது. அதை அடைத்துவிட்டால் முடிந்தது.”

“அடை” என்றார் ராஜா. படுத்துக்கொண்டார்.

மந்திரி செங்கண்ணனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. “ஒரு அலகு மண் போதும், பிரபு! அடைத்துவிட்டு வந்தால் ‘மகா’. அடைக்காமல் வந்தால், பட்டமும் இல்லை, நீங்களும் இல்லை.”

செங்கண்ணன் ஓடைக்கரையில் இறங்கினான். அலகு நிறைய ஈரமண் எடுத்தான். கிளம்பினான்.

வழியில் அத்தி மரம் நின்றது. பழுத்துச் சிவந்து, தானே வந்து வாயில் விழுகிற மாதிரி பழம். செங்கண்ணன் கிளையில் உட்கார்ந்தான். இருப்பது ஒரே அலகு. மண்ணை வைத்துக்கொண்டு பழம் எடுக்க முடியாது. பழம் எடுத்தால் மண்ணைத் துப்ப வேண்டும்.

ஒரு கண்ணால் பழத்தைப் பார்த்தான். கொன்றை கீறலில் அலகை நீட்டிக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. மறு கண்ணை மூடினான். “மகா சேனாதிபதி வருகிறார்! பராக்!” என்று யாரோ கூவுவது கேட்டது.

பெரிய மனப்போராட்டம். கண்ணில் நீர்கூட வந்தது. நீரைத் துடைத்துக்கொண்டு, மண்ணோடு கிளம்பினான்.

அவன் சிறகுச் சத்தம் கேட்டதும் பொந்துக்குள் பரபரப்பு.

“வந்துட்டீங்களா! எனக்குத் தெரியுமுங்க, வந்துருவீங்கன்னு!”

கீறலில் அலகு நீண்டது. அவன் அலகைத் தொட்டது. வாங்கிக்கொண்டது. உள்ளே போனது.



“இது மண்ணுங்க” என்றாள் கொன்றை.

“கொன்றை, கோவிச்சுக்காதே. கொஞ்ச நாளைக்குத்தான். ராஜா தூக்கம் கெடுதாம். கீறலை அடைச்சிரச் சொல்லிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சபையில வேற என்ன சொல்றது?”

“மந்திரி அனுப்பின பழம் ஒண்ணுகூட வரலீங்க. பட்டையில ஊர்ற வண்டைத் தின்னுட்டுக் கெடக்கறேன்.”

செங்கண்ணன் வானத்தைப் பார்த்தான்.

“உள்ள குஞ்சு இருக்குது. பொரிஞ்சிருச்சு.”

“குஞ்சா? எப்ப?”

“நீங்க காவல் காத்துட்டு இருக்கறப்ப.”

உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சின்னக் குரல் வந்தது. செங்கண்ணன் யோசித்தான். கெட்டிக்காரன் அல்லவா? இரண்டு பக்கமும் கெடாமல் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“அப்படின்னா, பாதி மட்டும் அடைச்சுக்கலாமா?”

டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி டொக். காய்ந்த மண் பெயர்ந்து செங்கண்ணன் காலில் விழுந்தது.

“ஐயோ, உடைக்காதே! குஞ்சு பெருசாகறதுக்கு முன்னாடி வாசலை உடைக்கக் கூடாது! நம்ம வழக்கம்!”

“வழக்கம் மண்ணைப் பத்தி மட்டுந்தான் பேசுதுங்களா? பழத்தைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களா?”

சுவர் உடைந்தது. கொன்றை வெளியே வந்தாள். செங்கண்ணன் பார்த்தான். எலும்பும் தோலுமாக இருந்தாள். சிறகு இருந்த இடத்தில் குச்சி குச்சியாய் முளை. கிளையைப் பிடித்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

கழுத்தை நீட்டிக் கத்தினாள். கீறல் வழியாக வந்தது பாதிக் குரல்தான் என்பது அப்போதுதான் காட்டுக்குத் தெரிந்தது.

“கத்தாதே! ராஜா வந்துருவாரு!”

“வரட்டுமுங்க. அதுக்குத்தான்.”

வந்துவிட்டார். பின்னால் மந்திரி. அதன் பின்னால் பிரபுக்கள். புலி வேங்கை மரத்தடியில் நின்று உறுமியதில் சருகெல்லாம் பறந்தது.

“இறங்கு கீழே!”

“எறக்கை இல்லீங்க ராஜா. நீங்க ஏறி வாங்க” என்றாள் கொன்றை.

ராஜா மரத்தை அண்ணாந்து பார்த்தார். நெடுநெடுவென்று வழவழப்பான மரம். அவரோ கிழப்புலி. ஏறி விழுந்தால் சபையே பார்க்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உனக்கு என்னதான் வேண்டும்?”

“உங்களுக்கு என்னங்க ராஜா வேணும்?”

“தூக்கம்!”

“அதுக்குக் காசா பணமா? என் புருஷனோட பட்டத்தைப் பிடுங்கிக்கிட்டு அவரைத் தொரத்திவிடுங்க. அவரு பழம் கொண்டாருவாரு. இந்தக் குஞ்சுக்கும் எனக்கும் வாய் நெறஞ்சிரும். வாய் நெறஞ்சா எப்படிக் கத்தறது?”

“அவ்வளவுதானா?” ராஜா திரும்பினார். “இவள் புருஷன் யார்?”

“ஆகாயச் சேனாதிபதி, ராஜா” என்றது மந்திரி தரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்படி ஒருவன் நம்மிடம் இருக்கிறானா?”

செங்கண்ணன் கிளையில் முன்னால் நகர்ந்து, கொண்டையை நிமிர்த்தி, “அடியேன்தான் ராஜா” என்றான்.

ராஜா வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

“அட, விசிறி! விசிறிக்குப் பட்டம் வேறா?”

கரடிப் பிரபு கனைத்தது. கடமான் பிரபு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. செங்கண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பாருங்கள், ஆசை விடவில்லை.

“ராஜா! தாங்கள் தூங்கும்போதெல்லாம் கண் இமைக்காமல் காவல் காத்தேன். ‘மகா’ வேண்டாம். வெறும் சேனாதிபதி என்று பெயருக்காவது...”

“நான் தூங்கும்போது யார் இருந்தால் எனக்கென்ன, யார் போனால் எனக்கென்ன? போ, போய் அவள் வாயை நிறைத்து வை!”

ராஜா நடந்தார். நாலடி போனதும் நின்றார்.

“மந்திரி! காற்றுக்கு என்ன செய்வது? உன் வால்தான் சிங்கவால் ஆயிற்றே. நாளையிலிருந்து நீ விசிறு. நடுவில் நிறுத்தாதே.”

மந்திரியின் வால் அங்கேயே தொங்கிவிட்டது.

எல்லோரும் போய்விட்டார்கள். செங்கண்ணன் மட்டும் கிளையில் உட்கார்ந்திருந்தான். போகிறவர்கள் திரும்பி ஒரு தரம் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

“ஏனுங்க” என்றாள் கொன்றை. “அத்தி மரம் எந்தப் பக்கமுன்னு நெனப்பிருக்குங்களா?”

பறந்தான். முதல் பழத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். அடுத்ததும் குஞ்சுக்குத்தான். அதற்கு அடுத்ததை எடுத்துக்கொண்டு வரும்போது, செங்கண்ணன் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து காலைப் பார்த்துக்கொண்டே நீட்டினான்.

“உனக்கு” என்றான்.

அவள் வாங்கி விழுங்கினாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. “சீக்கிரம் போய்ட்டு வாங்க, பொழுதிருக்கறப்பவே” என்று மட்டும் சொன்னாள். பொழுது சாய்கிறவரை அவன் போய்ப் போய் வந்தான். சபையில் நாளெல்லாம் விசிறியதைவிட அதில் சிறகு அதிகம் வலித்தது.

தன்னை ஒரு விசிறியாக மட்டுமே நினைவு வைத்திருந்த ராஜாவுக்கு விசுவாசம் காட்டப் போய், தன்னை நம்பிப் பசித்திருந்தவளிடம் மண் கொண்டுபோகிறவன் எல்லாவற்றையும் இழப்பான். செங்கண்ணன் பட்டத்தை மட்டும் இழந்து தப்பித்தான் என்றால் அது அவன் சாமர்த்தியமும் அல்ல, ராஜாவின் கருணையும் அல்ல, குடும்பத்தைக் காப்பாற்றியவள் கொன்றை.