பல்லக்கு ஏன் மெதுவாகப் போனது?

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வீரவல்லபன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போட்டால் மாலைக்குள் இன்னொன்று போடாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாடு மட்டும், எந்தச் சட்டம் போட்டாலும், வேளை தவறாமல் நன்றாகவே இறங்கும்.

மாதாமாதம் கிருத்திகையன்று மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு ராஜா பல்லக்கில் போவது வழக்கம். ஒரு மாதம் பல்லக்கு ஊர்ந்து ஊர்ந்து போய், நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் கோயிலைத் தொட்டது.

"ஏன் இத்தனை தாமதம்?" என்று மறுநாள் சபையில் கத்தினான் ராஜா.

பதில் தெரிந்தவர்கள் சபையில் இருபது பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சிங்காரநாதர் மட்டும் எழுந்தார். ராஜா தும்மினால்கூட அதில் ராகம் கண்டுபிடிக்கிற மனுஷர் அவர்.

"பிரபு, சுமப்பவர்கள் கொழுத்துவிட்டார்கள். தம் உடம்பையே தூக்க முடியாதவர்கள் பிரபுவை எப்படித் தூக்குவார்கள்? ஓர் எடையை நிர்ணயம் செய்யுங்கள். அடியேன் எடையையே வைத்துக்கொள்ளலாம். கச்சிதமான உடம்பு என்று என் மனைவியே சொல்வாள்."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. சிங்காரநாதரைத் தராசுத் தட்டில் உட்காரவைத்து, அவருக்குச் சமமாக ஒரு கல்லைச் செதுக்கினார்கள். அந்தக் கல்லைவிடக் கனமான பல்லக்குத் தூக்கிக்கு, எடை இறங்கும் வரை ஒருவேளைக் கஞ்சிதான் என்று முரசு அறைந்தார்கள்.

சிங்காரநாதர் குள்ளம். முன்வரிசைத் தூக்கி மலையாண்டியோ வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவன் எங்கே கல்லுக்குச் சமமாவது? ஒரு மாதக் கஞ்சியில் கன்னம் ஒட்டிப்போயிற்று, அப்போதும் தட்டு அவன் பக்கமே தாழ்ந்தது. அடுத்த கிருத்திகையன்று பாதிமலையில் மயங்கி விழுந்தான். பல்லக்குச் சாய, ராஜா புதருக்குள் உருண்டான்.

"வருகிற கிருத்திகைக்குள் இவன் கல்லுக்குச் சமமாக வேண்டும். இல்லையென்றால் நாட்டைவிட்டே போகட்டும்!" என்று எழுந்துவந்து கத்தினான் ராஜா.

மலையாண்டி கஞ்சியிலும் பாதியை ஒதுக்க ஆரம்பித்தான். அவன் மனைவி செங்கமலம் அரண்மனைக்குப் பூக்கட்டுகிறவள். கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துக் கெஞ்சினாள்.

"இன்னும் ரெண்டு வாய் குடிங்க."

"குடிச்சா நாட்டைவிட்டுப் போகணும், கமலம்."

"குடிக்காட்டி என்னை விட்டுல்ல போயிடுவீங்க," என்று சொல்லி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழைநாரை எடுத்து நனைக்கப் போட்டாள்.

கிருத்திகை வந்தது. மலையாண்டியை நிறுக்கச் சபை கூடியது. செங்கமலம் பூக்கூடையோடு சபைக்கு வந்தாள். வாசலில் நின்ற யானைக்குப் பாகன் மாலையைப் போட்டுப் பார்த்தான். அது ஒரு காதில் மாட்டிக்கொண்டு தொங்கியது. ஊர்வலத்துக்காகச் சபையில் வைத்திருந்த முழங்கை உயர உற்சவ முருகனுக்குக் குருக்கள் மாலை சாத்தினார். சாமியைக் காணோம், பூதான் தெரிந்தது.

"உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்றான் ராஜா.

"எல்லாம் சிங்காரநாதர் ஐயா அளவுதான் மகாராஜா. அவர் அளவுதான் இனிமே எல்லாருக்கும்னு முரசு அடிச்சாங்களே. பூவுக்கும் சேர்த்துத்தான்னு நெனச்சுட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது.

"ஆளுக்கு ஓர் அளவு என்கிறாய். சரி, ஒருவனுக்கு எவ்வளவு உடம்பு போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

"எங்க மாமனார் பல்லக்குக்கு ஆள் எடுக்கும்போது தராசைத் தேட மாட்டார் மகாராஜா. உச்சியிலேருந்து குதிகால் வரைக்கும் நாரால அளந்து, அதை ரெண்டா மடிப்பார். மடிச்ச நாரை வயித்தைச் சுத்திக் கொண்டுவந்தா ரெண்டு முனையும் சேரணும். சேரலைன்னா சதை கூடிப்போச்சு. ரொம்ப மிஞ்சினா அந்த ஆள் பட்டினி. இது குத்துமதிப்புத்தான், வைத்தியர் பேச்சுக்கு மேல இல்லை. ஆனா அவரவர் நார் அவரவருக்கு."

"ராஜாங்கக் கல்லுக்கு எதிரே பூக்காரியின் நாரா!" என்று குதித்தார் சிங்காரநாதர்.

"முதலில் உம்மையே அளக்கட்டும்," என்றான் ராஜா.

மூச்சை இழுத்துப் பிடித்தும் சிங்காரநாதருக்கு நார் நான்கு விரல் குறைந்தது. மலையாண்டியின் வயிற்றைச் சுற்றிய நார் ஒரு சாண் மிஞ்சித் தொங்கியது.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கினான். "எனக்கும் அள."

செங்கமலம் ராஜாவின் வயிற்றைச் சுற்றி நாரைக் கொண்டுவந்தாள். நாரைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து ஒப்பேற்றிவிடலாம். புருஷனின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள், ஒப்பேற்றவில்லை.

"ஒரு சாண் குறையுது மகாராஜா."

ராஜா தன் நாரையும் மலையாண்டியின் நாரையும் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "எனக்கு ஒரு சாண் குறைகிறது. இவனுக்கு ஒரு சாண் மிஞ்சுகிறது. பல்லக்கு மெதுவாகப் போனது என்னால். பட்டினி கிடந்தது இவன்."



அன்றே மலையாண்டிக்கு அரண்மனைச் சமையலில் வயிறாரச் சோறு போடச் சொன்னான் ராஜா. செங்கமலத்துக்குச் சபையில் ஆசனம் கொடுத்தான். சிங்காரநாதரின் ஆசனம்தான். அவருக்கு இனி உட்கார நேரமில்லை, ராஜாவோடு கிருத்திகைதோறும் நடந்தே மலையேற வேண்டும் என்று உத்தரவு. அந்த எடைக்கல்லை மலையடிவாரத்தில் முதல் படியாகப் பதித்தார்கள்.

முதல் மாதம் ராஜா பத்தாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மலையாண்டிதான் கைகொடுத்துத் தூக்கினான். சிங்காரநாதருக்குப் புகழ மூச்சே இல்லை, அதனால் அந்தப் பயணங்கள் நிம்மதியாகவே நடந்தன. மாதாமாதம் செங்கமலம் புது நார் கொண்டுவந்து அளந்தாள்.

பதினான்காவது கிருத்திகையில் ராஜாவின் நாரில் இரண்டு முனையும் சேர்ந்தன. அன்று பல்லக்கு அரண்மனையிலேயே கிடந்தது. நடை திறப்பதற்கு முன்பே மேலே போய்விட்டார்கள். குருக்கள் சாவியோடு வரும்வரை, ராஜாவும் மலையாண்டியும் கோயில் வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.